வயாக்ஸ்: பக்கத்தில் யாரை நிறுத்தினார்கள்?

2004 செப்டம்பர் 30, வியாழக்கிழமை. அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த மெர்க் நிறுவனம், வயாக்ஸ் என்ற மூட்டுவலி மாத்திரையை உலகம் முழுவதும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் விற்ற மாத்திரை அது. முந்தைய ஆண்டில் மட்டும் 250 கோடி டாலருக்கு விற்பனை. அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பேர் ஏதோ ஒரு சமயத்தில் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். அன்று ஒரே நாளில் மெர்க் பங்கின் விலை கால்வாசிக்கு மேல் சரிந்தது.

அந்த வாரம் எங்கள் வீட்டு மாத்திரை டப்பாவிலும் அது இருந்தது. வயாக்ஸ் என்ற பெயரில் இல்லை. 2005-க்கு முன்பு நம் நாட்டில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். அதனால் வயாக்ஸில் இருந்த ரோஃபிகாக்ஸிப் என்ற அதே மருந்தை உள்ளூர்க் கம்பெனிகள் ஆளுக்கொரு பெயரில் போட்டு விற்றன. அம்மாவுக்கு வலது முழங்கால். மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு கணம் நின்று, கைப்பிடியை அழுத்திப் பிடித்து, பிறகுதான் அடுத்த காலை வைப்பார். அந்த மாத்திரை போட்ட நாட்களில் நிற்காமல் இறங்குவார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வதில்லை.

டிசம்பர் 2004-ல் இந்திய அரசும் ரோஃபிகாக்ஸிப்பைத் தடை செய்தது. மருந்துக்கடைக்காரர், "அது நின்னுபோச்சும்மா, இது அதே மாதிரிதான்" என்று வேறொரு அட்டையைக் கொடுத்தார். அது வால்டிகாக்ஸிப். அமெரிக்காவில் அதையும் 2005 ஏப்ரலில் எடுத்தார்கள். இங்கே ஜூலையில் தடை வந்தது. "அதே மாதிரிதான்" என்று அவர் சொன்னது அவர் நினைத்ததைவிடச் சரியாகப் போயிற்று.

ஒரு வலி மாத்திரை எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று பார்க்க அப்போது ஆரம்பித்தேன். இருபது வருடமாக நீதிமன்ற ஆவணங்கள், செனட் விசாரணை, மருத்துவ இதழ்களின் திருத்தங்கள் என்று நிறைய வெளியே வந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்த பிறகு எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்விதான்: இந்த மருந்துக்குப் பக்கத்தில் ஒப்பிட யாரை நிறுத்தினார்கள்?

வயிறுதான் விற்பனைப் பொருள்

முதலில் நோய். முழங்காலிலும் இடுப்பு மூட்டிலும் வரும் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸை நாம் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெலிந்து, ஓரங்களில் எலும்பு துருத்தி, மூட்டின் உள்சவ்வில் லேசான அழற்சியும் இருக்கும். அழற்சி குறைக்கும் மாத்திரைகள் வலியையும் விறைப்பையும் குறைக்கும். தேய்ந்ததைத் திரும்ப வளர்க்காது. ஆகவே மாத்திரை தொடரும், வருடக்கணக்கில். அதைச் சாப்பிடுகிறவர்களோ பெரும்பாலும் ஐம்பது அறுபது தாண்டியவர்கள். கூடவே பிரஷர், சர்க்கரை, சிலருக்கு ஏற்கெனவே இதய நோய். இந்தக் கூட்டத்தை மறந்துவிட வேண்டாம்.

இந்த மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971-ல் லண்டனில் ஜான் வேன் காட்டினார். ஆஸ்பிரினும் அதன் உறவு மருந்துகளும் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுக்கின்றன. 1982-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புரோஸ்டாகிளாண்டின் குறைந்தால் வலி குறையும். ஆனால் வயிற்றின் உள்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் அதே குடும்பம்தான். அதனால்தான் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் வயிற்றைப் புண்ணாக்குகின்றன, சிலருக்கு ரத்தம் கசிய வைக்கின்றன. நம் வீடுகளில் "வெறும் வயித்துல போடாதே" என்று சொல்வது இதற்குத்தான். சாப்பாடு எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம், புண்ணைத் தடுக்காது. அது தனிக் கதை.

1990-களின் தொடக்கத்தில், புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் நொதி ஒன்றல்ல இரண்டு என்று தெரிந்தது. காக்ஸ்-1 எப்போதும் வயிற்றிலும், ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகளிலும் வேலை செய்வது. காக்ஸ்-2 அழற்சி வந்த இடத்தில் கிளம்புவது. இரண்டாவதை மட்டும் அடைத்தால் வலியும் போகும், வயிறும் தப்பும். கேட்கவே அழகான யோசனை. அந்த வகை மாத்திரையான செலிகாக்ஸிப் 1998 டிசம்பர் 31 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் அனுமதி பெற்றது. மெர்க்கின் ரோஃபிகாக்ஸிப் 1999 மே 20 அன்று. அனுமதி தேய்மான வலிக்கும், திடீர் வலிக்கும், மாதவிடாய் வலிக்கும்.

முழங்கால், இடுப்புத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளில் ரோஃபிகாக்ஸிப் 12.5 அல்லது 25 மில்லிகிராமை, ஐபுபுரூஃபன் 800 மூன்று வேளையோடும், டைக்ளோஃபெனாக் 50 மூன்று வேளையோடும் ஒப்பிட்டார்கள். வலி குறைந்த அளவு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் புது மாத்திரை, பழைய மாத்திரையைவிட முழங்காலுக்கு அதிகமாக எதையும் செய்துவிடவில்லை. தினம் ஒரு வேளை போட்டால் போதும் என்ற வசதி உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் உண்மையில் விற்கப்பட்டது வயிற்றுக்குப் பாதுகாப்பு என்ற வாக்குறுதி.

ஒரு சிக்கல். எஃப்.டி.ஏ. அந்த வாக்குறுதியை மருந்தின் லேபிளில் எழுத விடவில்லை. மற்ற வலி மாத்திரைகளுக்கு இருக்கும் அதே வயிற்று எச்சரிக்கை இதிலும் ஒட்டியிருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் பெரிய சோதனை வேண்டும். அதன் பெயர் விகர்.

விகர்: 17-ம் 4-ம்

விகர் 1999 ஜனவரியில் தொடங்கியது. மொத்தம் 8,076 பேர். தேய்மானக்காரர்கள் இல்லை, முடக்கு வாதம் உள்ளவர்கள். பாதிப் பேருக்கு ரோஃபிகாக்ஸிப் தினம் 50 மில்லிகிராம், அதாவது தேய்மானத்துக்குக் கொடுக்கும் அதிகபட்ச அளவைப்போல் இரண்டு மடங்கு. மீதிப் பேருக்குப் பழைய வலி மாத்திரையான நாப்ராக்ஸன் 500, இரண்டு வேளை. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களைச் சேர்க்கவில்லை. ஆஸ்பிரின் வயிற்றில் ரத்தம் கசிய வைத்துக் கணக்கைக் குழப்பிவிடும் என்பது காரணம். சராசரியாக ஒன்பது மாதம் பார்த்தார்கள்.

வயிற்றுக் கணக்கு எதிர்பார்த்தபடி வந்தது. நூறு பேர் ஓராண்டு சாப்பிட்டால் நாப்ராக்ஸனில் 4.5 பேருக்கு வயிற்றுப் பிரச்சினை, ரோஃபிகாக்ஸிப்பில் 2.1 பேருக்கு. பாதிக்கும் கீழே. நல்ல வெற்றி.

அதே தாளில் இன்னொரு வரி இருந்தது. மாரடைப்பு நாப்ராக்ஸன் பக்கம் 0.1 சதவீதம், ரோஃபிகாக்ஸிப் பக்கம் 0.4 சதவீதம். ஆள் கணக்கில் 4-க்கு 17.

2000 மார்ச்சில் இந்த எண்களை மெர்க்கின் ஆராய்ச்சித் தலைவர் எட்வர்ட் ஸ்கால்னிக் பார்த்தார். இதய நிகழ்வுகள் தெளிவாகவே இருக்கின்றன என்று சக ஊழியர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். அந்த மின்னஞ்சல் பின்னாளில் நீதிமன்றங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் நிறுவனம் வெளியே சொன்ன விளக்கம் வேறு: ரோஃபிகாக்ஸிப் இதயத்தைக் கெடுக்கவில்லை, நாப்ராக்ஸன் ஆஸ்பிரினைப்போல் இதயத்தைக் காப்பாற்றியிருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் நெட்டையாக இருப்பதால் இவர் குட்டையாகத் தெரிகிறார் என்ற வாதம்.

இதை எடுத்த எடுப்பில் முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. நாப்ராக்ஸன் ரத்தத் தட்டுகள் ஒட்டுவதை உண்மையிலேயே கொஞ்சம் தடுக்கும். விகரில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிடும் குழு இல்லாததால் யார் நெட்டை, யார் குட்டை என்று அந்தச் சோதனையை வைத்துத் தீர்க்கவும் முடியாது. ஆனால் சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 17 எதிர்பார்க்க வேண்டிய இடத்தில் 4 வந்தது என்றால், நாப்ராக்ஸன் நாலில் மூன்று மாரடைப்பைத் தடுத்திருக்க வேண்டும். ஆஸ்பிரினே ஏறக்குறைய நாலில் ஒன்றைத்தான் தடுக்கும். ஆஸ்பிரினைவிட மூன்று மடங்கு திறமையான இதய மருந்து மருந்துக்கடையில் மலிவு விலையில் இத்தனை வருடம் கிடந்தது, யார் கண்ணிலும் படவில்லை என்று நம்ப வேண்டும். 2001 ஆகஸ்டில் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த முகர்ஜி, நிஸ்ஸன், டோபோல் மூவரும் ஜாமா என்ற மருத்துவ இதழில் இந்தச் சந்தேகத்தை எழுப்பினார்கள்.

காரணமும் அப்போதே கிடைத்திருந்தது. ரத்தக் குழாயின் உள்சுவர் புரோஸ்டாசைக்ளின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது குழாயை விரித்து, தட்டுகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. தட்டுகள் த்ராம்பாக்ஸேனைச் சுரக்கின்றன; அது ஒட்டவைப்பது. முதலாவதன் உற்பத்தியில் காக்ஸ்-2-க்குப் பெரிய பங்கு, இரண்டாவது காக்ஸ்-1-ன் வேலை. காக்ஸ்-2-ஐ மட்டும் அடைத்தால் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலேட்டரை அப்படியே விட்டதுபோல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு, இந்த மருந்துகள் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் புரோஸ்டாசைக்ளின் எச்சம் குறைவதையும், த்ராம்பாக்ஸேன் குறையாமல் இருப்பதையும் 1999-லேயே வெளியிட்டது. வயிற்றைக் காத்த அதே தேர்வுதான் ரத்தக் குழாயைக் காவல் இல்லாமல் விட்டது.

காணாமல் போன மூன்று பேர்

விகர் கட்டுரை 2000 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஐந்து வருடம் கழித்து, 2005 டிசம்பரில், அதே இதழின் ஆசிரியர்கள் அந்தக் கட்டுரையைப் பற்றிக் கவலை தெரிவிக்கும் குறிப்பு வெளியிட்டார்கள். மருத்துவ இதழ்கள் அப்படிச் செய்வது அபூர்வம். மூன்று மாரடைப்புகள் கட்டுரையில் விடுபட்டிருந்தன. 17 இல்லை, 20.

அவை எப்படி விடுபட்டன என்பதை மெதுவாகப் பார்க்க வேண்டும். வயிற்று நிகழ்வுகளை 2000 மார்ச் 9 வரை எண்ணினார்கள். இதய நிகழ்வுகளை பிப்ரவரி 10 வரை மட்டும் எண்ணினார்கள். ஒரே சோதனை, ஒரே நோயாளிகள், இரண்டு கடைசித் தேதிகள். அந்த ஒரு மாத இடைவெளியில் விழுந்தவர்கள்தான் அந்த மூவரும். மூவருமே ரோஃபிகாக்ஸிப் பக்கம். நாப்ராக்ஸன் பக்கம் அந்த மாதத்தில் ஒருவரும் இல்லை.

மூன்று பேர் கூடினால் என்ன, 17-ம் 20-ம் ஒன்றுதானே என்று தோன்றும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கட்டுரையில் ஆறுதலான ஒரு வாக்கியம் வந்தது: மாரடைப்பு வித்தியாசம் பெரும்பாலும், ஏற்கெனவே இதய ஆபத்து காரணமாக ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்க வேண்டிய 4 சதவீதம் பேரிடம்தான். மற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. படித்த டாக்டர் என்ன நினைப்பார்? இதய நோயாளிக்கு மட்டும் கொடுக்காமல் இருந்தால் போதும் என்று. விடுபட்ட மூவரும் அந்த 4 சதவீதத்தில் இல்லை. ஆபத்து இல்லை என்று சொல்லப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களைச் சேர்த்தால் அந்த ஆறுதல் வாக்கியம் நிற்காது.

கட்டுரையாசிரியர்களில் குறைந்தது இருவருக்கு இந்த மூன்று பேரைப் பற்றி, வெளியீட்டுக்கு நாலரை மாதம் முன்பே தெரிந்திருந்தது என்று இதழின் ஆசிரியர்கள் எழுதினார்கள். தேதியை முன்கூட்டியே திட்டமிட்டபடிதான் வைத்தோம் என்பது மெர்க்கின் பதில். இருக்கட்டும். திட்டப்படியே நடந்திருந்தாலும், கையில் இருக்கும் எண்ணை அடிக்குறிப்பாகவாவது போடுவதற்கு எந்தத் திட்டமும் தடை சொல்லியிருக்காது.

முழங்கால்காரர்களின் சோதனை

விகர் முடக்கு வாதக்காரர்களிடம் நடந்தது. சந்தை இருந்தது தேய்மானக்காரர்களிடம். அவர்களுக்கென்று அட்வான்டேஜ் என்ற பெயரில் சுமார் 600 மருத்துவர்களின் இடங்களில், 5,557 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ரோஃபிகாக்ஸிப் 25-க்கு எதிரில் மறுபடியும் நாப்ராக்ஸன். 2003-ல் கட்டுரையாக வந்தது.

2008-ல், வழக்குகளில் வெளிவந்த உள் ஆவணங்களைப் படித்த ஆய்வாளர்கள் இது விதைப்புச் சோதனை என்று காட்டினார்கள். நிலத்தில் விதை போடுவதுபோல டாக்டர்களின் கையில் புது மருந்தைப் பழக்கப்படுத்துவதற்காக, விற்பனைப் பிரிவு திட்டமிட்ட சோதனை. ஒரு இடத்துக்குப் பத்துப் பேர்கூடக் கிடைக்காத அளவில் 600 இடங்களுக்குப் பரப்பியது அதற்காகத்தான். கட்டுரையில் முதல் பெயராக இருந்த பேராசிரியரே, சோதனையை வடிவமைத்ததும் நடத்தியதும் நிறுவனம்தான், முடிந்த பிறகுதான் தன்னிடம் வந்தார்கள் என்று 2005-ல் பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். அந்தக் கட்டுரையில் மாரடைப்புகள் 5-க்கு 1. உள் ஆவணங்களின்படி மாரடைப்பும் இதயம் நின்று திடீரென்று இறந்ததும் சேர்த்து 8-க்கு 1.

விற்பனை ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. 2000-ல் மெர்க் இந்த மாத்திரையை மக்களிடம் நேரடியாக விளம்பரப்படுத்த 16 கோடி டாலர் செலவழித்தது. அந்த ஆண்டில் பெப்சிக்கு ஆன விளம்பரச் செலவைவிட அதிகம். ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பனித்தரை நடன வீராங்கனை டோரதி ஹாமில் தொலைக்காட்சியில் வந்து, தன் மூட்டுவலி போனதைச் சொன்னார். மருத்துவ விற்பனைப் பிரதிநிதிகளுக்கு நடந்த பயிற்சியில் ஒரு விளையாட்டுக்கு "டாட்ஜ்பால்" என்று பெயர். டாக்டர்கள் கேட்கக்கூடிய சங்கடமான கேள்விகள் அட்டைகளில் எழுதியிருக்கும். பந்துக்கு விலகுவதுபோல விலகப் பழக வேண்டும். இதய ஆபத்து பற்றிக் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு அட்டையும் உண்டு. அதில் இருந்தது விகருக்கு முந்தைய குறுகிய காலச் சோதனைகளின் கணக்கு. விகர் அதில் இல்லை.

2001 மே மாதம் மெர்க் ஒரு செய்திக் குறிப்பில் வயாக்ஸின் இதயப் பாதுகாப்பு சாதகமாக இருக்கிறது என்று அறிவித்தது. செப்டம்பரில் எஃப்.டி.ஏ. நிறுவனத் தலைவருக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம், விகர் முடிவுகளை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வது புரிந்துகொள்ளவே முடியாதது என்று எழுதியது. காட்டமான கடிதம்தான். ஆனால் லேபிளில் விகரின் மாரடைப்பு எண்கள் ஏறியது 2002 ஏப்ரலில். எண்கள் கைக்கு வந்து இரண்டு வருடம் கழித்து.

பெருங்குடல் தந்த பதில்

இதயத்துக்கென்று தனியாக ஒரு பெரிய சோதனை நடந்து முடியவே இல்லை. கடைசியில் பதில் வந்தது யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. ரோஃபிகாக்ஸிப் பெருங்குடலில் வளரும் சிறு கட்டிகளைத் தடுக்குமா என்று பார்க்க அப்ரூவ் என்ற சோதனை நடந்துகொண்டிருந்தது. 2,586 பேர். பாதிப் பேருக்குத் தினம் 25 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மூன்று வருடம்.

இந்த வெற்று மாத்திரைதான் முக்கியம். முழங்கால் வலிக்கிறவரிடம் வெற்று மாத்திரையைக் கொடுத்து மூன்று வருடம் பொறுத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. அதனால்தான் தேய்மானச் சோதனைகளில் வெற்று மாத்திரைக் குழுக்கள் சில வாரங்களோடு முடிந்துவிடும், பிறகு ஒரு வலி மாத்திரையை இன்னொன்றோடுதான் ஒப்பிடுவார்கள். குடல் கட்டி வலிக்காது. ஆகவே ரோஃபிகாக்ஸிப்புக்குப் பக்கத்தில் நீண்ட காலம் நெட்டையும் இல்லாத குட்டையும் இல்லாத ஒருவர் நின்றார்.

ரோஃபிகாக்ஸிப் பக்கம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தக் கட்டி நிகழ்வுகள் 46 பேருக்கு. வெற்று மாத்திரைப் பக்கம் 26 பேருக்கு. ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாப்ராக்ஸன் காப்பாற்றியது என்று சொல்ல இங்கே நாப்ராக்ஸன் இல்லை. சோதனையை நிறுத்தினார்கள், மருந்தையும் எடுத்தார்கள். ஆபத்து 18 மாதத்துக்குப் பிறகுதான் தெரிகிறது என்ற வாதத்தை மெர்க் கொஞ்ச காலம் பிடித்துக்கொண்டிருந்தது. 2006-ல் அந்தக் கணக்கில் முறைப் பிழை இருந்ததால் இதழ் திருத்தம் வெளியிட்டது.

அந்த எண்களைச் சற்று உருட்டிப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். ஆயிரம் பேர் ஓராண்டு சாப்பிட்டால் கூடுதலாக ஏழு பேருக்குப் பாதிப்பு. ஒரு ஊர் டாக்டரிடம் முப்பது பேர் இந்த மாத்திரையில் இருந்தால் நாலைந்து வருடத்துக்கு ஒருவர். அந்த ஒருவருக்கு 64 வயது, பிரஷர் உண்டு. நெஞ்சு வலித்து விழுந்தால் மாத்திரையை யார் சந்தேகப்படுவார்கள்? வயிற்றில் ரத்தம் கசிந்து கருப்பாக மலம் போனால், "என்ன மாத்திரை போட்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மாரடைப்பு வந்தால் வயசு, பரம்பரை, பீடி, கவலை என்று ஆயிரம் காரணம் வரிசையில் நிற்கும். இந்த ஆபத்து டாக்டரின் அனுபவக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எண்ணிக்கையில் மட்டும்தான் தெரியும். அந்த எண்ணிக்கைதான் மூன்று பேரை விட்டுவிட்டு அச்சேறியது.

2004 நவம்பர் 18 அன்று எஃப்.டி.ஏ.வின் மருந்துப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்த டேவிட் கிரஹாம் அமெரிக்க செனட் குழு முன் சாட்சி சொன்னார். தன் நிறுவனத்தையே குற்றம் சாட்டினார். வயாக்ஸால் அமெரிக்காவில் கூடுதலாக 88,000 முதல் 1,40,000 பேர் வரை கடுமையான இதய நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்று அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இது மதிப்பீடு, தலை எண்ணிய கணக்கு இல்லை. மெர்க் அதை ஏற்கவில்லை. சின்ன ஆபத்தை 2 கோடிப் பேரால் பெருக்கினால் எப்படி ஆகும் என்பதற்கு அந்த எண்ணைப் பார்த்தால் போதும்.

2005 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு மூன்று நாள் கூடியது. வயாக்ஸ் மீண்டும் சந்தைக்கு வரலாமா என்ற கேள்விக்கு 17 பேர் வரலாம் என்றார்கள், 15 பேர் கூடாது என்றார்கள். மெர்க் திரும்பக் கொண்டுவரவில்லை. வழக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 2007 நவம்பரில் 485 கோடி டாலருக்கு மொத்தமாகச் சமரசம். 2011-ல் அரசுத் தரப்புடன் 95 கோடி டாலருக்கு இன்னொன்று. முடக்கு வாதத்துக்கு அனுமதி வாங்குவதற்கு முன்பே அதற்கென்று விற்றதாக நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இதயத்தைப் பற்றிய கதையில் தண்டனை விழுந்தது லேபிள் விவகாரத்தில்.

அப்புறம் பக்கத்தில் நின்றவர்கள்

வயாக்ஸ் போன பிறகு எல்லோரும் பழைய மாத்திரைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டை மையமாக வைத்து நூற்றுக்கணக்கான சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது டைக்ளோஃபெனாக்கின் இதய ஆபத்து, காக்ஸ்-2 மருந்துகளுக்குச் சமமாக வந்தது. பெரிய அளவில் தொடர்ந்து சாப்பிட்டால் ஆயிரம் பேருக்கு ஆண்டில் மூன்று பேர் கூடுதல், அதில் ஒருவருக்கு மரணம். நம் ஊரில் முழங்கால் வலிக்கு முதலில் கைக்கு வரும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. நாப்ராக்ஸனில் அந்தக் கூடுதல் தெரியவில்லை, வயிற்று ஆபத்து அதிகம். இதயம் செயலிழக்கும் ஆபத்து எல்லா மருந்துகளிலும் சுமார் இரண்டு மடங்கு. நாப்ராக்ஸன் நெட்டை இல்லை, சாதாரண உயரம்தான் என்று இப்படித் தெளிவானது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எட்டோரிகாக்ஸிப்பைப் பார்க்க வேண்டும். வயாக்ஸுக்கு வாரிசாக அதே மெர்க் கொண்டுவந்த மருந்து. 34,701 மூட்டுவலிக்காரர்களிடம் நடந்த மெடல் சோதனைகளின் முடிவு 2006-ல் வந்தது. ஆண்டுக்கு நூறு பேரில் 1.24 பேருக்கு ரத்தக் கட்டி நிகழ்வு, எதிர்ப் பக்கம் 1.30. சமம், கவலை வேண்டாம் என்று தோன்றும். எதிர்ப் பக்கம் நின்றது டைக்ளோஃபெனாக். இந்த முறை சாதாரண உயரக்காரரைக் கூப்பிடவில்லை, தன் உயரத்துக்கே ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். 2007 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. குழு 20-க்கு 1 என்று எதிர்த்து வாக்களித்தது. அமெரிக்காவில் அந்த மருந்துக்கு இதுவரை அனுமதி இல்லை. ஐரோப்பாவில் உண்டு, தேய்மானத்துக்கு 30 மில்லிகிராம், தேவைப்பட்டால் 60 வரை. பிரஷர் 140/90-க்கு மேலேயே நின்றால் கொடுக்கக் கூடாது.

செலிகாக்ஸிப்பை நாப்ராக்ஸன், ஐபுபுரூஃபன் இரண்டோடும் ஒப்பிட்ட பிரிசிஷன் சோதனை 2016-ல் வந்தது. 24,081 பேர், பத்தில் ஒன்பது பேர் தேய்மானக்காரர்கள். செலிகாக்ஸிப் மோசமில்லை என்று முடிவு. ஆனால் செலிகாக்ஸிப் சராசரியாக 209 மில்லிகிராம்தான், மற்ற இரண்டும் கிட்டத்தட்ட முழு அளவில். சேர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் பாதியிலேயே மாத்திரையை விட்டுவிட்டார்கள். அது எனக்கு ஆச்சரியமில்லை. வலி மாத்திரையை யார் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள்? வலிக்கிற அன்று இரண்டு, வலிக்காத அன்று பூஜ்யம்.

அம்மாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. போன வருடம் ஊருக்குப் போனபோது மாத்திரை டப்பாவைத் திறந்தேன். எட்டோரிகாக்ஸிப் 90, அட்டையில் நாலு காலி. பக்கத்துத் தெரு டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு மூன்று மாதமாகக் கடையில் வாங்கியிருக்கிறார். பிரஷர் பார்த்தால் 156/92. மறுநாள் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு டைக்ளோஃபெனாக் ஜெல் எழுதினார். அதே டைக்ளோஃபெனாக்தான், ஆனால் தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். "இடுப்பா இருந்தா இது உள்ளே எட்டாதும்மா. முழங்கால்ல எலும்பு மேலாகவே இருக்கு, நாலு வேளை தடவுங்க" என்றார். தொடையின் முன்சதைக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, இறக்க வேண்டும்.

அம்மா எண்ணும்போது ஏழிலேயே இறக்கிவிடுவார். மாடிக்கு இப்போது ஏறுவதில்லை, படுக்கையைக் கீழே கொண்டுவந்துவிட்டோம்.